சொரசொர சுவர் வழுவழுப்பாக வேண்டும்: பட்டியா, மறுபூச்சா?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். தாம்பரம் பக்கம் 1990களில் கட்டிய அடுக்குமாடியில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருக்கிறீர்கள். படுக்கையறைச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டுகிறது, கை உரசினால் சிராய்க்கிறது. ஹாலில் ஒரு சுவர் முழுக்க, முன்பு இருந்தவர்கள் டெக்ஸ்சர், அதாவது மேடு பள்ள டிசைன் வரும் பூச்சு, அடித்து வைத்திருக்கிறார்கள். எல்லாச் சுவரும் வழுவழுவென்று வேண்டும். பெயிண்டர் "மூணு கோட் பட்டி பார்த்தா போதும் சார்" என்கிறார். கொத்தனார் "மொத்தத்தையும் கொத்திட்டு மறுபடி பூசணும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருபது வருடத்துக்கு மேல் சென்னையில் பெயிண்டிங் வேலை எடுத்துச் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பெயிண்டர் சொரசொரப்பைப் பார்க்கிறார், கொத்தனார் மேடு பள்ளத்தைப் பார்க்கிறார். மட்டம் வேறு, வழுவழுப்பு வேறு. பட்டி என்பது பெயிண்டுக்கு முன்னால் சுவரில் மெல்லியதாக இழுக்கும் மாவுப் பூச்சு. அது தருவது வழுவழுப்பு மட்டும்தான். கோணலான சுவருக்கு எத்தனை கோட் பட்டி ஏற்றினாலும் வழுவழுப்பான கோணல் சுவர்தான் கிடைக்கும். மட்டம் வேண்டுமென்றால் பூச்சில்தான் கை வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்தச் சுவருக்கு எது தேவை என்று முதலில் பிரித்துவிட்டால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பிரிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனாரிடம் ஆறடி மட்டப்பலகை இருக்கும். அதைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி, படுக்கையாக, மூலைக்கு மூலை சாய்வாக என்று மூன்று விதமாக வைத்துப் பாருங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் நுழையாத அளவுக்கு இருந்தால் பட்டி போதும். இரண்டு மூன்று நாணயத்தை அடுக்கிச் செருக முடிகிறது என்றால் அது பட்டி வேலை இல்லை. அப்புறம், இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் கண்ணுக்குத் தெரியாத அலைகள் எல்லாம் நிழல் நிழலாக எழுந்து நிற்கும். இந்தச் சோதனையை வேலை முடிந்த பிறகும் செய்ய வேண்டியிருக்கும், டார்ச்சைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. விரல் முட்டியாலோ சின்ன மரக்கட்டையாலோ ஓரடிக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வரும் இடம் நல்ல இடம். காலிப் பானையைத் தட்டுவது போல் கேட்டால், அங்கே பூச்சு செங்கல்லை விட்டு விலகி நிற்கிறது. பொக்கு என்போம். அதன் மேல் பட்டி போடுவது காசைச் சுவரில் பூசுவதுதான். அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து மறுபடி பூச வேண்டும். புதுப்பூச்சை ஒரு வாரம் தண்ணீர் காட்டி, மூன்று நான்கு வாரம் நன்றாக உலரவிட்டுத்தான் பட்டிக்குப் போகணும். இங்கே அவசரப்பட்டால், அந்தச் சதுரத்தின் விளிம்பு பெயிண்டுக்கு வெளியே கோடாகத் தெரியும்.

மூன்றாவது, ஓதம். குளியலறையின் மறுபக்கச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, மேல்தளமாக இருந்தால் கூரையை ஒட்டிய பகுதி, தரைத்தளமாக இருந்தால் தரையிலிருந்து மூன்றடி வரை, இந்த இடங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். உப்பு பூத்திருந்தால் கேட்கவே வேண்டாம். தெளிவாகத் தெரியவில்லை என்றால், இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால், சுவருக்குள் ஈரம் இருக்கிறது. குழாய்க் கசிவோ வெளிச்சுவர் விரிசலோ, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை அந்தச் சுவரைத் தொடாதீர்கள். ஈரச் சுவரில் நிற்கும் பட்டி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இப்போது படுக்கையறைக்கு வருவோம். அந்தச் சொரசொரப்புக்குக் காரணம் பெரும்பாலும் பூச்சு வேலையின் கடைசிக் கட்டம்தான். பூசி முடித்ததும் ஈர ஸ்பாஞ்ச் வைத்து வட்டமாகத் துடைத்து விடுவார்கள். மேலே மிதக்கும் சிமெண்ட் பால் போய் மணல் முகம் காட்டும். மணலைச் சரியாகச் சலிக்காமல் பயன்படுத்தியிருந்தால் இன்னும் மோசம். அந்தக் காலத்தில் உட்சுவருக்குப் பட்டி பார்ப்பது எல்லா வீட்டிலும் நடக்காது. அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்து, பொங்கலுக்குப் பொங்கல் ஏற்றிக்கொண்டே போவார்கள். சட்டையில் ஒட்டும் வெள்ளை அதுதான்.

நான் எல்லாவற்றையும் விட வலியுறுத்திச் சொல்ல விரும்பும் இடம் இது. சுண்ணாம்பின் மேல் பட்டி போடாதீர்கள், போட விடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் வேளச்சேரியில் ஒரு வீட்டில் இந்தத் தவற்றைச் செய்தேன். சுண்ணாம்பு கெட்டியாகத்தான் இருப்பதாகத் தெரிந்தது. லேசாக உப்புத்தாள் போட்டு, தூசி தட்டி, இரண்டு கோட் பட்டி, பிரைமர் என்ற அடிப்பூச்சு, பெயிண்ட் என்று முடித்தோம். வீட்டுக்காரம்மா சுவரைத் தடவித் தடவிப் பார்த்து சந்தோஷப்பட்டார்கள். அந்த வருட ஐப்பசி மழையில் கட்டிலுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்குச் சுவர் உப்பியது. விரலால் நெம்பியதும் அப்பளம் போல ஒரு ஏடு கழன்று வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க இளநீலம். வருடக் கணக்காக நீலம் கலந்து அடித்த சுண்ணாம்பு. என் பட்டி சுண்ணாம்பை நன்றாகத்தான் பிடித்திருந்தது. சுண்ணாம்புதான் சுவரைப் பிடிக்கவில்லை. மொத்த அறையையும் சுரண்டி, என் செலவில் மறுபடி செய்து கொடுத்தேன்.

அதனால் முதல் வேலை சுரண்டுவது. காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டினால் வீடு முழுக்கப் புழுதி. தண்ணீரைத் தெளிப்பானால் நன்றாக அடித்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி ஒருமுறை நனைத்து, பிறகு தகடு வையுங்கள். பாலாடை போல் சுருண்டு வரும். மிச்சத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி விடுங்கள். போதுமா என்று தெரிந்துகொள்ள, சுவர் காய்ந்ததும் கறுப்புத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் வெள்ளை வராத வரை சுரண்ட வேண்டும். ஒரு நடுத்தர அறைக்கு இரண்டு பேருக்கு முழுநாள் வேலை இது. பெயிண்டர்கள் அவசரப்படுவது இங்கேதான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், சதுர அடிக் கணக்கில் கூலி பேசும்போது சுரண்டும் கூலியை யாரும் தனியாகத் தருவதில்லை. நீங்கள் தனியாகப் பேசிக் கொடுத்துவிடுங்கள். மொத்த வேலையிலும் இதைவிட நல்ல செலவு கிடையாது.

சுண்ணாம்பு போய் வெறும் சிமெண்ட் பூச்சு வெளியே வந்துவிட்டால், ஒயிட் சிமெண்ட் பட்டி தாராளமாகப் போடலாம். கீழே பிரைமர் தேவையில்லை. பட்டிக்குள்ளேயே சிமெண்ட் இருக்கிறது, அது பூச்சோடு நேரடியாகப் பிடிக்க வேண்டும். நடுவில் பெயிண்ட் படலம் வந்தால் அந்தப் பிடிப்பு போய்விடும். பட்டி போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் சுவரை நனைத்துக் கொள்ளுங்கள். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் வழியக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் இதை விட்டால், காய்ந்த சுவர் பட்டியிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும். பட்டி மாவாக உதிரும்.

கலப்பதில் ஒரு சின்ன ஒழுங்கு இருக்கிறது. முதலில் தண்ணீர், அதில் பட்டித்தூள். தலைகீழாகச் செய்தால் கட்டி கட்டியாக நிற்கும், அந்தக் கட்டிதான் நாளைக்குச் சுவரில் கோடு இழுக்கும். பொதுவாக 10 கிலோ தூளுக்கு மூன்றரை முதல் நான்கு லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும். மூட்டையில் போட்டிருக்கும் அளவே கணக்கு. நன்றாகக் கலக்கி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, மறுபடி கலக்குங்கள். தகட்டில் ஒரு கரண்டி எடுத்துச் சாய்த்தால் கெட்டித் தயிர் போல மெல்ல நகர வேண்டும், சொட்டக் கூடாது. கலந்ததை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இறுகியதில் தண்ணீர் விட்டு இளக்கிப் பூசுபவரைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பட்டிக்கு உயிர் போய்விட்டது.

முதல் கோட்டின் வேலை சுவரை மூடுவது அல்ல, மணலுக்கு நடுவிலுள்ள குழிகளை அடைப்பது. தகட்டை நன்றாக அழுத்திக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். மணலின் தலை ஆங்காங்கே தெரிந்தால் பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்கணும். நன்றாகக் காய்ந்த பிறகு, வசதி இருந்தால் மறுநாள், இரண்டாவது கோட்டைக் குறுக்குவாக்கில் இழுங்கள். முதல் கோட் விட்டுப் போன வரிகளை இது அடைக்கும். இரண்டும் சேர்ந்து சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருந்தால் ஆரோக்கியம். அதற்கு மேல் பட்டியையே அப்பினால் மயிரிழை வெடிப்பு விடும். பெயிண்டர் சொல்லும் மூன்றாவது கோட் தேவைப்படுகிறதென்றால், அந்த இடத்தில் மட்டம் சரியில்லை என்று அர்த்தம்.

எவ்வளவு வாங்குவது? மூட்டையில் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கு ஏற்கெனவே மட்டமான, நைசான சுவருக்கானது. அதை நம்பி வாங்கினால் பாதியில் தீர்ந்துவிடும். சொரசொர சுவருக்கு ஒரு கிலோவுக்கு 6 சதுர அடி என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்து 400. ஆக சுமார் 67 கிலோ, 40 கிலோ மூட்டையாக இரண்டு. பிரிக்காத மூட்டையைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

ஒயிட் சிமெண்ட் பட்டியை மறுநாளே உப்புத்தாள் போட்டுவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்தால் கல்லாகியிருக்கும், தோள்பட்டை கழன்றுவிடும். 180 நம்பரில் தொடங்கி 320இல் முடித்தால் உட்சுவருக்குப் போதும். தாளை வெறும் விரலால் பிடித்துத் தேய்க்காமல் ஒரு தட்டையான கட்டையில் சுற்றித் தேய்க்கச் சொல்லுங்கள். விரல் பள்ளத்துக்குள்ளும் இறங்கிவிடும், கட்டை மேட்டை மட்டும் எடுக்கும். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு தேய்ப்பதுதான் இன்னும் நம் ஊர் வழக்கம். அது போதாது. அந்தத் தூசி மெல்லியது, நுரையீரல் வரை போகும். வேலை செய்பவர்களுக்கு நீங்களே என்95 மாஸ்க் வாங்கிக் கொடுங்கள், ஆளுக்கு ஒன்று, தினமும் புதிதாக. என்னோடு வேலை பார்த்த பெரியவர்கள் சிலர் இருமி இருமி ஓய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கதவு நிலையிலோ, சமையலறைச் சுவரின் கீழ்ப்பகுதியிலோ பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கட்டடம் அதற்கு ரொம்ப முந்தியது. தண்ணீர் தொட்டு ஈர உப்புத்தாளால் தேய்த்து, கழிவைத் துணியால் வழித்து எடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இனி ஹால் டெக்ஸ்சர். இதுதான் தலைவலி. டெக்ஸ்சர் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வகைப் பிசின் சார்ந்த பொருள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேடு பள்ளத்தோடு இருக்கும். மேலே பளபளப்புக்காக ஒரு கிளேஸ் கோட் வேறு கொடுத்திருப்பார்கள். அதில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உறிஞ்சாமல் உருண்டு வழியும். தண்ணீரையே உறிஞ்சாத இடத்தில் ஒயிட் சிமெண்ட் பட்டி பிடிக்காது. அக்ரிலிக் பட்டி பிடிக்கும், ஆனால் அதை மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பினால் காயும்போது சுருங்கி, பழைய டிசைன் மறுபடி மங்கலாக எழுந்து வரும். மேட்டை எல்லாம் மிஷினால் தேய்த்து இறக்கிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அக்ரிலிக் சூட்டில் இளகி தாளை அடைத்துக்கொள்ளும். வீடு முழுக்கப் புழுதி, சுவரோ பாதிகூட மட்டமாகாது.

நான் செய்வது இப்படி. முதலில் ஒரு மூலையில் ஓரடிச் சதுரத்தைச் சுடுதண்ணீரில் நனைத்து, துணி போட்டு ஊறவிட்டு, அகலத் தகட்டால் நெம்பிப் பார்ப்பேன். சில டெக்ஸ்சர் தோல் தோலாகக் கழன்றுவிடும். அப்படி வந்தால் அதிர்ஷ்டம். மொத்தத்தையும் எடுத்துவிட்டு, படுக்கையறை போலவே பட்டிக்குப் போகலாம். வரவில்லை என்றால் அது சுவரை நன்றாகப் பிடித்திருக்கிறது, அதை அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். கூர்மையான முனைகளை மட்டும் தகட்டால் தட்டி விடுங்கள். 60 நம்பர் தாளால் கிளேஸ் பளபளப்பு போகும் வரை தேயுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். அதன் மேல், பளபளப்பான பரப்புக்கென்றே விற்கும் பாண்டிங் கோட் ஒன்று. பிறகு கனமாக ஏற்றுவதற்கென்றே வரும் பாலிமர் லெவலிங் பூச்சு. பட்டி வரிசையிலேயே கடையில் கேட்டால் தருவார்கள், அது பல மில்லிமீட்டர் கனம் தாங்கும். பள்ளங்கள் நிரம்பியதும் மட்டப்பலகையால் இழுத்து, காய்ந்த பின் மேலே ஒரே ஒரு கோட் மெல்லிய பட்டி. ஒன்று மட்டும்: வாங்கும் முன் பாண்டிங் கோட்டும் லெவலிங் பூச்சும் ஒன்றோடு ஒன்று சேருமா, பழைய பெயிண்ட் மேல் போடலாமா என்பதை டப்பாவில் படித்துப் பாருங்கள். முடிந்தால் இரண்டையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள்.

இத்தனை பாடு வேண்டாம் என்றால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் ஜிப்சம் போர்டு அடித்துவிடலாம். இரண்டு நாளில் மட்டமும் வழுவழுப்பும் சேர்ந்தே கிடைக்கும். ஹாலில் ஒன்றரை இரண்டு அங்குலம் போகும், சுவிட்ச் பாக்ஸ்களை முன்னால் இழுக்க வேண்டும், பிற்பாடு டிவி மாட்ட உள்ளே கட்டை வைக்கணும். ஓதம் உள்ள சுவரில் இது கூடவே கூடாது.

கொத்தனார் சொன்னபடி மொத்தமாகக் கொத்திப் பூசுவது எப்போது? பாதிச் சுவருக்கு மேல் பொக்குச் சத்தம் கேட்டால், அல்லது மட்டப்பலகையில் அரை அங்குலம் வித்தியாசம் தெரிந்தால். மற்றபடி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு எச்சரிக்கை. காரைக்குடி, கும்பகோணம் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சாந்து வீடுகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அந்தச் சுவர்கள் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பட்டியால் மூடினால் ஈரம் உள்ளேயே சிக்கிச் சாந்தை அரித்துவிடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சு இருந்தால், தயவுசெய்து அதன் மேல் தகடே வைக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளைத் தேடுங்கள். லண்டன் பக்கம் வீடு வாங்கியிருப்பவர்கள், சுவரிலோ கூரையிலோ ஆர்டெக்ஸ் வகைப் பழைய டெக்ஸ்சர் இருந்தால் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முந்தைய பூச்சில் அது கலந்திருக்க வாய்ப்புண்டு. சாம்பிளைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு தெரிந்த பிறகே கை வையுங்கள்.

பட்டிக்குப் பிறகு தண்ணீரில் கலக்கும் பிரைமர் ஒரு கோட். பிரைமர் காய்ந்த அன்றைக்கு இரவே டார்ச்சை எடுங்கள். ஒரே வெள்ளையாகிவிட்ட சுவரில்தான் குறைகள் தெளிவாகத் தெரியும். தெரிகிற இடத்தை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள். காலையில் பெயிண்டர் அந்த வட்டங்களில் மட்டும் டச்சப் பட்டி போட்டு, தேய்த்து, மறுபடி பிரைமர் தொட்டு விடுவார். பென்சில்தான், பேனா வேண்டாம், மை பெயிண்டை மீறி வெளியே வரும். பெயிண்ட் மேட் ஃபினிஷ் எடுங்கள். சாட்டின், பளபளப்பு வகைகள் சிறு அலையையும் காட்டிக்கொடுக்கும். இன்டீரியர் செய்பவர் சுவரை ஒட்டிக் கூரையில் எல்.இ.டி. புரொஃபைல் லைட் போடலாம் என்று சொன்னால், அது நிரந்தரமாக எரியும் டார்ச் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள். ஜிப்சம் போர்டு சுவருக்குச் சரி. கையால் பட்டி பார்த்த சுவருக்கு வேண்டாம்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, வீட்டில் இருந்துகொண்டே செய்யலாமா என்று. குடியேறும் முன்பே முடிப்பதுதான் நல்லது. முடியாது என்றால், சுரண்டுவதையும் உப்புத்தாள் போடுவதையும் எல்லா அறைக்கும் சேர்த்து அடுத்தடுத்த நாட்களில் வைத்து, அந்த நாட்களில் மட்டும் குழந்தையோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஏ.சி.யைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டி, மெயினை அணைத்து சுவிட்ச் பிளேட்டுகளைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போது தை மாதம், உங்களுக்கு நல்ல நேரம். இன்று சுரண்டத் தொடங்கினால் பங்குனிக்குள் பெயிண்ட் வரை முடிந்துவிடும். முதலில் படுக்கையறை. அது முடிந்து, அந்த ஆட்களின் கை எப்படி என்று பார்த்த பிறகு ஹால் டெக்ஸ்சரை அவர்களிடம் கொடுங்கள்.